பதினைந்தாவது ஸ்டெப்

அன்று காலை பத்து மணிக்கும் பத்தரைக்கும் இடையில் நடந்தவை, வரிசைப்படி:

1. ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே இருக்கும் தொட்டியில், நான் ஆறு வாரம் பயிற்சி கொடுத்த பதினோரு ஆயாக்கள், மூன்று மூன்று பேராக வந்து, நான் சொல்லிக்கொடுத்த முறைப்படி கை கழுவினார்கள்.

2. பிரஷ், சோப்பு, எண்ணிக்கை, முழங்கை எல்லாம் சரியாக இருந்தன. சூப்பரிண்டெண்ட் டாக்டர் தலையை ஆட்டினார். அவர் தலையாட்டி நான் பார்த்தது அதுதான் முதல் தடவை.

3. கழுவி முடித்து, ஈரக் கைகளை நெஞ்சுக்கு நேராகத் தூக்கிப் பிடித்த பிறகு, ஒவ்வொருத்தியும் வலது கை நடுவிரலால் தன் மூக்கின் மேல்பக்கத்தை, இரண்டு கண்ணுக்கும் நடுவில், மெதுவாக ஒரு தரம் தொட்டுக்கொண்டாள்.

4. பதினோரு பேரும் தொட்டார்கள். ஒரே விரல், ஒரே இடம்.

5. அவர்களில் ஒருத்திகூடக் கண்ணாடி போட்டவள் இல்லை.

6. டாக்டர் என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், இது எத்தனாவது ஸ்டெப்?" என்று கேட்டார்.

7. என் சார்ட்டில் பதினான்கு ஸ்டெப்கள்தான். இது அதில் இல்லை.

8. என்ன பதில் சொல்வது என்று யோசித்தபடி, இறங்கியிருந்த என் கண்ணாடியை மேலே தள்ளிவிட்டுக்கொண்டேன்.

9. வலது கை நடுவிரலால்.

ஆபரேஷனுக்காகக் கழுவிய கை எதன்மேலும் படக்கூடாது. சுவர்மேல், துணிமேல், சொந்த உடம்பின்மேல்கூடப் படக்கூடாது. பட்டால் மற்ற எல்லாம் சரியாக இருந்தாலும் ஃபெயில். மதிப்பெண் தாளில் இந்த விதியைச் சிவப்பு மையில் எழுதி, ஸ்கேல் வைத்து அடியில் இரண்டு கோடு போட்டது நான்தான்.

இதற்கு அடுத்து நடந்ததைச் சொல்வதற்கு முன்னால், அந்த நிலைக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று சொல்லிவிடுகிறேன். புதிதாக ட்யூட்டர் வேலைக்கு வருகிறவர்களுக்கு உதவும். நான் மிகவும் கெட்டிக்காரத்தனமாகச் செய்த காரியங்கள் இதில் நிறைய வருகின்றன. விஷயம் கெட்டதும் அவற்றால்தான்.

லினன் ரூம்

எழுபதுகளின் ஆரம்பம். எனக்கு இருபத்தாறு வயது. அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் நடுவில், தொழிற்சாலைக் குடும்பங்கள் அதிகம் வரும் ஓர் ஆஸ்பத்திரியில் நர்சிங் ட்யூட்டராகச் சேர்ந்தேன். வீடு காட்டுப்பாக்கத்தில். பூந்தமல்லிக்கு ஒரு பஸ், அங்கிருந்து ஆவடி பஸ். முதல் நாள் பஸ்ஸில் உட்கார்ந்தே அந்த வாரம் செய்யவேண்டியவை என்று பத்தொன்பது ஐட்டம் எழுதிவிட்டேன். வேலை என்னவென்று யாரும் எனக்கு அதுவரை சொல்லியிருக்கவில்லை.

வேலை இதுதான். ஆஸ்பத்திரியில் இரண்டாவது தியேட்டர் கட்டி முடித்து, பூட்டு போட்டு வைத்திருந்தார்கள். டாக்டர் இருந்தார், மேஜை இருந்தது, விளக்கு இருந்தது. நர்சுகள் போதவில்லை. அதனால் தினக்கூலியில் இருந்த ஆயாக்களில் பதினோரு பேரைத் தேர்ந்தெடுத்து, ஆறு வாரம் பயிற்சி கொடுத்து, செய்முறைப் பரீட்சை வைத்து, தேறியவர்களைத் தியேட்டர் உதவியாளர்களாக நிரந்தரம் செய்வது என்று முடிவு. பயிற்சி கொடுக்கவேண்டியவள் நான். நானும் நிரந்தரம் இல்லை. ஒரு வருஷ ப்ரொபேஷன். நிரந்தரமாக வேண்டுமென்றால் மேட்ரன் ரிப்போர்ட் எழுதவேண்டும்.

மேட்ரன் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"மிஸ் பியூலா, காலேஜ்ல மெடல் எல்லாம் வாங்கினீங்களாமே?"

"ஆமாம் மேடம்."

"லினன் ரூமைக் காலி பண்ணி வெச்சிருக்கேன். அதான் உங்க கிளாஸ் ரூம். மெடலை எங்க மாட்டணுமோ மாட்டிக்குங்க. ஆணி ஸ்டோர்ல கேளுங்க."

படுக்கைத் துணி அடுக்கும் அந்த லினன் ரூமுக்கு ஆஸ்பெஸ்டாஸ் கூரை. மே மாதம். முதல் வகுப்புக்கு நான் எடுத்துப்போனவை: துணியில் ஒட்டிய சார்ட் ஒன்று, பதினான்கு ஸ்டெப்களோடு; அதையே சைக்ளோஸ்டைல் செய்த தாள்கள், ஆளுக்கு ஒன்று; சுட்டிக்காட்ட ஒரு குச்சி; ஒரு விசில். விசில் எதற்கு என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை.

மூன்று நாள் லெக்சர் எடுத்தேன். கிருமி என்றால் என்ன, கை எப்படிக் கிருமியைச் சுமக்கிறது, நகத்தின் அடியில் என்ன இருக்கிறது. ஒவ்வொரு பகுதி முடிந்ததும் "புரிந்ததா?" என்று கேட்டேன். "புரிஞ்சிது சிஸ்டர்" என்று பதினோரு பேரும் ஒரே குரலில் சொன்னார்கள். நான் எவ்வளவு தெளிவாகப் பாடம் நடத்துகிறேன் என்று எனக்கே ஆச்சரியமாக இருந்தது. நாலாவது நாள், கொடுத்த தாளை எடுக்கச் சொன்னேன். தனம் வெறுங்கையோடு நின்றாள்.

"தாள் எங்கே?"

"ஊட்டுல கீது சிஸ்டர். சாமி படத்தாண்ட ஒட்டிக்கிறேன்."

"ஒட்டிவிட்டால் எப்படிப் படிப்பாய்?"

பக்கத்தில் இருந்த ரெஜினாதான் சொன்னாள். ரெஜினாவுக்கு இருபத்துமூன்று வயது. அந்த வகுப்பில் யாருக்குப் பதில் வராவிட்டாலும் அவளுக்கு வரும்.

"சிஸ்டர், நானும் அந்தக் கடைசில குந்திகினு கீதே, அதுவும் படிப்போம். மத்தவங்கல்லாம் பாப்பாங்க."

"என்ன பார்ப்பார்கள்?"

"தாளத்தான்."

ஒன்பது பேருக்கு எழுத்து தெரியாது. பதினான்கு ஸ்டெப்களை நான் மூன்று விதமான மையில் எழுதியிருந்தேன்.

தனத்தின் வயது

தனத்தைப் பற்றி இங்கே சொல்லவேண்டும். ஆவடிக்குப் பக்கத்தில் சேக்காட்டுக்காரி. அங்கே நிலமெல்லாம் மனையாகும்வரை நாற்று நட்டவள். பிறகு ஏழு வருஷமாக எங்கள் பிரசவ வார்டில் தினக்கூலி. வார்டில் அவள் இருந்தால் நர்சுகள் நிம்மதியாக டீ குடிப்பார்கள் என்று சொல்வார்கள். நிரந்தரப் பதவிக்கு வயது வரம்பு முப்பத்தைந்து. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்படி அவளுக்கு முப்பத்துநாலு வயதும் பத்து மாதமும் ஆகியிருந்தது. பரீட்சை முடிந்த இரண்டாவது வாரம் வரம்பைத் தாண்டிவிடும். அடுத்த பேட்ச் எப்போது என்று யாருக்கும் தெரியாது. எப்போது வந்தாலும் அது அவளுக்கு இல்லை.

"உன் பிறந்த தேதி சரிதானா? எங்கே எழுதி வைத்திருக்கிறார்கள்?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"எங்கியும் இல்ல சிஸ்டர். வேலைக்கு வந்தன்னிக்கு ஒரு டாக்டர் என்னிய பாத்தாரு. வாயத் தொறன்னாரு, பல்லப் பாத்தாரு. இருவத்தேழுன்னு எய்திட்டாரு. சேந்த தேதிதான் எனக்குப் பொறந்த தேதி."

"சரியாக எத்தனை வயது என்று உனக்குத் தெரியாதா?"

"எனக்கு இன்னா தெரியும்? அன்னிக்கு அந்தாளுக்குக் கொஞ்சம் நல்ல மனசு இருந்து, ரெண்டு கொறச்சுப் போட்டுக்கினு இருந்தா, நான் இப்ப இப்பிடி வவுத்துல நெருப்பக் கட்டிக்கினு ஒக்காந்திருக்க மாட்டேன்."

அன்று என் நோட்டில் "தனம் தேறவேண்டும்" என்று எழுதினேன். வழக்கமாக, செய்யவேண்டியவற்றுக்கு எண் போடுவேன். இதற்கு எண் போடவில்லை.

அப்படியே செய்யுங்கள்

தாளையும் சார்ட்டையும் ஓரம் வைத்துவிட்டு டெமான்ஸ்ட்ரேஷன் முறைக்கு மாறினேன். செய்து காட்டுவது, செய்யச் சொல்வது. காலேஜில் இதற்கு ஒரு முழுப் பாடமே உண்டு. அதில் நான் முதல் மார்க்.

ஒரு சிக்கல் இருந்தது. தண்ணீர். குழாயில் காலை ஒன்பது முதல் பதினொன்றரை வரைதான் வரும். வந்ததெல்லாம் வார்டுக்கும் தியேட்டருக்கும் போய்விடும். பயிற்சிக்குத் தண்ணீர் கேட்டபோது, "பேஷண்டுக்கே லாரி வரலை. உங்களுக்கு வேணும்னா கிணறு வெட்டிக்குங்க" என்றார் மேட்ரன். ஆகவே தண்ணீர் இல்லாமல் கை கழுவக் கற்றுக்கொடுத்தேன். எனாமல் பேசின் காலியாக இருக்கும். பிரஷ் உலர்ந்திருக்கும். இல்லாத குழாயை முழங்கையால் திறப்போம். இல்லாத தண்ணீர் விரல் நுனியிலிருந்து முழங்கைக்கு வழியும். பார்க்கிறவர்கள் எங்களை என்ன நினைத்திருப்பார்கள் என்று தெரியாது. ஒரு நாள் தச்சர் ஒருவர் ஜன்னல் சரி செய்ய வந்து, கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டு, சரி செய்யாமலே போய்விட்டார்.

"நான் செய்வதை அப்படியே செய்யுங்கள். நீங்களாக ஒன்றும் கூட்டவேண்டாம், ஒன்றும் குறைக்கவேண்டாம்" என்று சொன்னேன். ஒரு தடவை இல்லை. தினமும் வகுப்பு ஆரம்பத்தில் சொன்னேன்.

எழுத்து தெரியாதவர்களின் கண் எப்படிப்பட்டது என்று எனக்கு அப்போது தெரியாது. தாளைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்ற வசதி அவர்களுக்கு இல்லை. அதனால் ஒரு தடவை பார்த்தால் முழுசாகப் பார்த்தார்கள். நான் பிரஷ்ஷை இடது கைக்கு மாற்றும்போது சுண்டுவிரலை நீட்டிக்கொள்வேன் போலிருக்கிறது. இரண்டாவது வாரம் பதினோரு சுண்டுவிரல்களும் நீட்டிக்கொண்டு நின்றன. எவ்வளவு நேர்த்தியாகச் செய்கிறார்கள் என்று பெருமைப்பட்டேன்.

பிரஷ்ஷால் நகங்களுக்கு முப்பது இழுப்பு, ஒவ்வொரு விரலுக்கும் இருபது. எண்ணிக்கையில் மட்டும் தனம் என் பேச்சைக் கேட்கவில்லை. "லாபம், ரெண்டு, மூணு" என்று ஆரம்பிப்பாள். களத்தில் நெல் அளக்கும்போது முதல் மரக்காலை 'ஒன்று' என்று சொல்லாமல் 'லாபம்' என்று எண்ணுவது வழக்கம்.

"இது நெல் இல்லை தனம், நகம். ஒன்று என்று சொல்."

"ஒண்ணுன்னு ஆரமிச்சா கை ஓட மாட்டேங்குது சிஸ்டர்."

"யக்கா, உடு. நகத்துல லாபம் வந்தா உனுக்குத்தானே" என்றாள் ரெஜினா.

எண்ணிக்கை முப்பதில் முடிகிறதா என்று பார்த்தேன். முடிந்தது. விட்டுவிட்டேன்.

இப்போது கண்ணாடி. என் ஃப்ரேம் கொஞ்சம் தளர்வு. பூந்தமல்லி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த கடையில் கொடுத்தால் ஐந்து நிமிஷத்தில் ஸ்க்ரூவை முறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். தினமும் இரண்டு தடவை அந்தக் கடையைத் தாண்டித்தான் போய்வந்தேன். "கண்ணாடி டைட் செய்யவேண்டும்" என்பது வாரா வாரம் என் பட்டியலில் ஏழாவது ஐட்டமாக இருந்தது. ஆறு வாரமும் இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே வியர்வையில் கண்ணாடி நழுவும். கை கழுவும் பாவனை முடியும்வரை பொறுத்துக்கொண்டு, பதினான்காவது ஸ்டெப் முடிந்ததும் அதை மேலே தள்ளிவிடுவேன். நிஜத் தண்ணீர், நிஜத் தியேட்டர் என்றால் செய்திருக்க மாட்டேன். அது வெறும் பாவனைதானே.

அவர்களுக்கு அது பாவனை இல்லை.

இரண்டாவது வாரக் கடைசியில் ஒரு நாள் நான் செய்து காட்டியபின் அவர்கள் செய்தார்கள். வரிசையில் முதலில் நின்ற ரெஜினா, கை இரண்டையும் தூக்கிப் பிடித்து, ஆள்காட்டி விரலால் மூக்கைத் தொட்டாள். எனக்குச் சுருக்கென்றது. காலேஜ் நாட்களிலிருந்தே என்னைக் கிண்டல் செய்கிறவர்கள் முதலில் செய்து காட்டுவது அதைத்தான்.

"ரெஜினா! என்ன விளையாட்டு? ஒழுங்காகச் செய்!"

அவள் முகம் வாடிவிட்டது. கண்டிப்பு வேலை செய்கிறது என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானம் அவள் மற்ற பத்துப் பேரையும் கூட்டிவைத்துச் சொன்னது எனக்குப் பிறகுதான் தெரிந்தது: "ஆள்காட்டி விரல் இல்லடி. சிஸ்டர் திட்டுச்சு. நடுவிரலு. ரெண்டு கண்ணுக்கும் நடுவுல. பதறாம, மெதுவா."

அடுத்த நாளிலிருந்து அவர்கள் அதை ஒழுங்காகச் செய்தார்கள்.

எனக்கு ஏன் தெரியவில்லை என்று கேட்பீர்கள். இரண்டு காரணம். நேருக்கு நேர் நின்றால் இடது வலது குழம்புகிறது என்று மூன்றாவது வாரத்திலிருந்து அவர்களுக்குப் பின்னால் நின்று கண்காணித்தேன். முழங்கைதான் தெரியும். அதோடு, ஸ்டெப் பதினான்கு முடிந்த உடனே குனிந்து நோட்டில் டிக் போடுவேன். நான் டிக் போட்ட நேரத்தில்தான் பதினைந்தாவது நடந்துகொண்டிருந்தது.

தொட்டிப் பக்கம்

மறுபடி பரீட்சைக்கு வருகிறேன். டாக்டர் கேட்டார், நான் கண்ணாடியைத் தள்ளினேன், அங்கே நிறுத்தியிருந்தேன்.

அடுத்து டாக்டர் அவர்களிடமே கேட்டார். "ஏம்மா, எல்லாரும் எதுக்கு மூக்கைத் தொட்டீங்க?"

வழக்கம்போல ரெஜினா. "சாமி கும்புடறது சார்."

"எந்த சாமியை?"

"சிஸ்டரோட சாமிய. எங்க மாதா கோயில்ல நெத்தி, மாருன்னு தொட்டு, ரெண்டு தோளும் தொடுவோம் சார். சிஸ்டரு வேற சபை. அவங்க மூக்கோட நிறுத்திக்கிறாங்கன்னு நெனச்சிக்கினோம். ஆப்ரேசனுக்கு முன்னாடி சாமி கும்புடறது நல்லதுதானே?"

"நீங்க எல்லாருமா?"

"எல்லா சாமியும் ஒண்ணுதான் சார்" என்றாள் தனம், மிகவும் மரியாதையாக.

மேட்ரன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது. டாக்டருக்குச் சிரிப்பு வரவில்லை. அவருக்குத் தியேட்டரைத் திறக்கவேண்டும். மதிப்பெண் தாளை வாங்கி, சிவப்பு மை வரியை ஒரு தரம் படித்தார்.

"பதினோரு பேரும் ஃபெயில்" என்றார். பிறகு என்னிடம், குரலைத் தாழ்த்தி, அன்பாகவே சொன்னார்: "உங்களைச் சொல்லி என்ன சிஸ்டர்? எழுதப் படிக்கத் தெரியாதவங்க. எவ்வளவு சொன்னாலும் இவ்வளவுதான் ஏறும். உங்க மேல தப்பில்லேன்னு மேட்ரன் ரிப்போர்ட்ல எழுதிடுவாங்க."

நான் யோக்கியமாக நடந்துகொண்டேன் என்று எழுத ஆசைதான். நடந்தது வேறு. என் ப்ரொபேஷன் ரிப்போர்ட் மேட்ரன் கையில் இருந்த அதே ஃபைலில் இருந்தது. "ஆமாம் சார்" என்று சொல்ல வாயைத் திறந்தேன். "ஆ" வரைக்கும் வந்துவிட்டது.

அப்போது தனம் கேட்டாள். அவள் கை இன்னும் நெஞ்சுக்கு நேராகத் தூக்கியபடிதான் இருந்தது. இறக்கலாம் என்று யாரும் சொல்லாததால் பதினோரு பேரும் கையை இறக்கவில்லை.

"நாங்க தப்பா செஞ்சிட்டோமா சிஸ்டர்? நீங்க செய்யற மாதிரிதானே செஞ்சோம்? ஒண்ணும் கூட்டலையே."

அவள் என்னைக் குற்றம் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்டாள். அதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது.

"சார், அது சாமி இல்லை. என் கண்ணாடி" என்றேன். "வகுப்பில் கண்ணாடி நழுவும்போது தள்ளிவிடுவேன். அதையும் பாடம் என்று எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். நான் கவனிக்கவில்லை. ஒரு தடவை கண்ணில் பட்டபோதும் கிண்டல் என்று நினைத்துத் திட்டிவிட்டேன். நான் என்ன செய்தேனோ அதை இவர்கள் ஒன்றுவிடாமல் செய்தார்கள். ஃபெயில் போடவேண்டியது எனக்கு."

ரெஜினா வாயைப் பிளந்தாள். "கண்ணாடியா? ஐயோ சிஸ்டர், ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமில்ல?"

டாக்டர் கடிகாரத்தைப் பார்த்தார். தண்ணீர் நிற்க இன்னும் நேரம் இருந்தது.

"இன்னொரு தரம் வைக்கிறேன். ஆனா நீங்களும் முதல் பேட்ச்ல நின்னு கழுவணும். கண்ணாடியோட. உங்க கை அதைத் தொட்டுதுன்னா பதினோரு பேருக்கும் முடிஞ்சுது. அவங்க கை எதையாவது தொட்டா அவங்களுக்கு மட்டும்."

தொட்டியில் மூன்று குழாய். நடுக் குழாயில் நான். வலது பக்கம் தனம். இடது பக்கம் ரெஜினா. மற்றவர்கள் பின்னால் நின்றார்கள்.

ஆறு வாரத்தில் முதல் தடவையாக நிஜத் தண்ணீரில் அவர்களோடு கை கழுவினேன். நகங்கள் முடிந்தபோது கண்ணாடி மூக்கின் பாதியில் இருந்தது. விரல்கள் முடிந்தபோது நுனிக்கு வந்துவிட்டது. முழங்கை கழுவும்போது தலையைப் பின்னால் சாய்த்துக்கொண்டு, கூரையைப் பார்த்தபடி கழுவினேன். வலது பக்கத்தில் தனம் நிதானமாக எண்ணிக்கொண்டிருந்தாள். முடித்து மூன்று பேரும் கையைத் தூக்கிப் பிடித்து, நர்ஸ் துண்டு கொடுப்பதற்காகக் காத்து நின்றோம்.

அங்கேதான் என் வலது கை தானாகக் கிளம்பியது. நான் அனுப்பவில்லை. மோவாய்வரை போய்விட்டது. எதிரே கண்ணாடி அலமாரியில், எனக்குப் பின்னால் நின்ற ஒன்பது முகங்களும் அந்தக் கையையே பார்ப்பது தெரிந்தது. நிறுத்தினேன். நின்றதா என்று பார்க்கத் தலையைக் குனிந்தேன்.

குனிந்ததும் கண்ணாடி விழுந்தது.

விழவேண்டிய இடம் சிமெண்ட் தரை. விழவில்லை. இடது பக்கத்திலிருந்து இரண்டு ஈரக் கைகள் பாய்ந்து வந்து பிடித்துக்கொண்டன.

"புட்ச்சிட்டேன் சிஸ்டர்!" என்றாள் ரெஜினா, சந்தோஷமாக.

கண்ணாடி இல்லாமல் எனக்கு மூன்றடிக்கு மேல் எல்லாம் வண்ணம்தான். வலது பக்கத்தில் தனமாக இருக்கவேண்டிய ஓர் உருவம் முன்னால் சாய்ந்தது தெரிந்தது. அவள் கை எங்கே இருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. அவளும் பிடிக்கப் போனாளா, தொட்டாளா, யார் மேலாவது பட்டாளா, எதுவும் தெரியவில்லை. துண்டு வந்து என் கையில் விழும்வரை, என் கையை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடி நின்றேன். என் வாழ்க்கையில் நான் எதையும் இவ்வளவு நேரம் பட்டியல் போடாமல் யோசித்தது கிடையாது.

டாக்டர் பேசினார். "நடுவில சிஸ்டர், தொடலை. வலது பக்கம், கை முன்னால போச்சு, ஆனா பாதியில நின்னுடுச்சு. எதையும் தொடலை. பாஸ்." பிறகு, "இடது பக்கம். சிஸ்டர், ரூல் எழுதினது நீங்க. நீங்களே சொல்லுங்க."

எல்லாரும் எனக்காகக் காத்திருந்தார்கள்.

"ஃபெயில் சார்" என்றேன்.

"உங்க கண்ணாடியத்தானே சிஸ்டர் புட்ச்சேன்?"

"தெரியும் ரெஜினா."

"அப்ப கீய உய்ந்து ஒடைய உடணுமா?"

"விட்டிருக்கணும்."

அவள் கண்ணாடியை என் கையில் வைத்துவிட்டு வெளியே போனாள். அதைப் போட்டுக்கொண்டுதான் அவள் அழுவதைப் பார்த்தேன். மற்ற ஒன்பது பேரில் ஒருத்திக்குப் பழக்கத்தில் கை மூக்குக்குப் போய்விட்டது. எட்டுப் பேர் தேறினார்கள். தனத்தோடு சேர்த்து ஒன்பது.

சாயந்திரம் தனத்திடம் கேட்டேன், எப்படிக் கையை நிறுத்தினாய் என்று.

"எனக்கு மட்டும் மனசில்லையா சிஸ்டர்? கை போயிடுச்சு. பாதில அந்தப் பல்லப் பாத்த டாக்டர் மூஞ்சி ஞாபகம் வந்துது. இய்த்துக்கினேன்." கொஞ்சம் யோசித்து, "ரெஜினாவுக்கு வயசு கீது சிஸ்டர். அதான் அது புட்ச்சிது" என்றாள்.

ரிப்போர்ட்டை மேட்ரன் என் எதிரிலேயே எழுதினார். "பயிற்சி முறையில் குறை. தானே ஒப்புக்கொண்டார். ப்ரொபேஷன் ஆறு மாதம் நீட்டிப்பு."

"தானா ஒத்துக்கிட்டதுக்கு நல்லதா ஏதாவது எழுதலாம்னு பார்த்தேன்" என்றார். "அதுக்கு இந்த ஃபாரத்துல இடம் இல்லை."

நான் கற்றுக்கொண்டது

பெரிய தத்துவம் ஒன்றும் இல்லை. ஒரு வேலை முறையைத்தான் கற்றுக்கொண்டேன். அதற்குப் பிறகு எந்த டெமான்ஸ்ட்ரேஷன் முடித்தாலும் "புரிந்ததா?" என்று நான் கேட்பதில்லை. ஒருத்தியை எழுப்பி, "நான் என்னவெல்லாம் செய்தேன், முதலிலிருந்து சொல்" என்று கேட்கிறேன். அவர்கள் சொல்லும் பட்டியல் எப்போதும் என் பட்டியலைவிட நீளமாக இருக்கிறது. இருமினது, பேசின் விளிம்பைத் தட்டினது, ஜன்னல் பக்கம் பார்த்தது எல்லாம் வரும். ஒவ்வொன்றாக, இது பாடம், இது என் கெட்ட பழக்கம் என்று பிரித்துச் சொல்லிவிடுகிறேன். முதல் வாரம் முழுக்க இதிலேயே போய்விடுகிறது. எனக்கு இத்தனை கெட்ட பழக்கம் இருப்பது வீட்டில் யாரும் சொல்லித் தெரிந்ததில்லை.

பயிற்சிக்குத் தண்ணீர் வேண்டும் என்றும் எழுதிக் கேட்டேன். இரண்டு வாளி அனுமதி கிடைத்தது. தண்ணீர் இல்லாமல் கை கழுவக் கற்றுக்கொடுப்பதை நிறுத்திவிட்டேன். புதிதாக வருகிறவர்களும் அதைச் செய்யவேண்டாம்.

இதை எழுதும்போது ஆறு வருஷம் ஆகிறது. இதுவரை ஐந்து பேட்ச் முடித்திருக்கிறேன். ரெஜினா இரண்டாவது பேட்சில் தேறினாள். ஒரு வருஷம் என்னோடு சரியாகப் பேசவில்லை, இப்போது பேசுகிறாள். முதல் பேட்சில் தவறிய இன்னொருத்தி கல்யாணமாகிப் பூந்தமல்லிக்குப் போய்விட்டாள். ப்ரொபேஷன் முடிந்து நான் நிரந்தரமாகிவிட்டேன். சீனியர் ட்யூட்டர் பதவிக்கு விண்ணப்பம் போட்டிருக்கிறேன், பதில் வரவில்லை. இரண்டாவது தியேட்டர் வாரத்தில் ஆறு நாள் நடக்கிறது. தனம் அங்கே காலை ஷிஃப்ட், நிரந்தரப் பணியில். நேற்று மூன்று கேஸ் இருந்தது. மூன்றுக்கும் அவள்தான் நின்றாள்.